இரண்டில் ஒன்று மூழ்கிய படகு

அந்த மொட்டைக் கடிதம் ‘அன்புடன்’ என்று முடிந்திருந்தது.

துப்பறிவாளர் குருமூர்த்தி ஒன்பது வருடங்களாக லண்டனில் மொட்டைக் கடிதங்களைப் படித்து வருகிறார். ‘ஜாக்கிரதை’ என்று முடிந்தவை உண்டு. ‘உன்னைச் சும்மா விடமாட்டேன்’ என்று முடிந்தவை உண்டு. ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிந்த ஒன்றுகூட உண்டு; அதை எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க் என்று பிறகு தெரிந்தது. ஆனால் ‘அன்புடன்’ என்று எழுதிவிட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்த கடிதம் இதுதான் முதல்.

எழுத்துகள் எல்லாம் அடிமட்டம் வைத்து நேர்நேராகக் கீறப்பட்டிருந்தன. வளைவே இல்லாத ‘ண’ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும்.

‘போட் வாங்க வேண்டாம். அந்த இரண்டில் ஒன்று போன மாதம் தாண்டது. எது என்று எனக்குத் தெரியாது. தண்ணி சரியான குளிர். அன்புடன்.’

“தாண்டதுன்னா? எதைத் தாண்டிச்சு?” என்றார் குருமூர்த்தி.

“மூழ்கினது, சேர்,” என்றாள் மெற்றில்டா. “உங்கட ஊரில மூழ்கும். எங்கட ஊரில தாழும். தண்ணிக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

மெற்றில்டா அவருடைய உதவியாளர். யாழ்ப்பாணம் குருநகரில் கடலோரம் பிறந்தவள். ஹரோவில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே உள்ள அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் டைப் அடிப்பது, கார் ஓட்டுவது, வருகிறவர்களின் பொய்களைப் பாதியிலேயே வெட்டுவது எல்லாம் அவள் வேலை. குருமூர்த்தி பெரம்பூரில் ரயில்வே எஞ்சினியராக இருந்தவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர் அம்பலவாணன். நாற்பத்திரண்டு வயது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதம், தன்னுடைய பல்லையே யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல இருந்தது.

“ஏரிக்கரை யார்ட் ஒண்டில ரெண்டு பழைய போட் விலைக்கு இருக்கு, சேர். தண்ணிச் சறுக்கல் செய்யிற ஆக்கள் இழுக்கிற போட். ஒண்டு சிவப்பு, ஒண்டு நீலம். இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள எது வேணும் எண்டு நான் சொல்ல வேணும். நான் விடுறதை வாங்க இன்னொருத்தர் காத்துக்கொண்டு இருக்கிறாராம். ரெண்டுக்கும் பிறகு அங்க வேற இல்லை.”

“நீங்க தண்ணிச் சறுக்கல் பண்ணுவீங்களா?”

“எனக்கு நீந்தவே தெரியாது.”

மெற்றில்டா பேனாவைக் கீழே வைத்தாள். “பிறகேன் டொக்டர் உங்களுக்கு போட்?”

அம்பலவாணன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். “எனக்கு ரெட்டைப் பிள்ளையள். ஒன்பது வயசு. சனிக்கிழமை எண்டா தமிழ் வகுப்பு, வீணை, நீச்சல். ஞாயிறு எண்டா பரதம், டியூஷன், கோயில். நாங்கள் நாலு பேரும் ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில சேர்ந்து இருந்து எத்தினை வருசம் எண்டு எனக்கே தெரியாது. கடற்கரைக்குப் போனா ஒருத்தர் ஒரு பக்கம் போகலாம். பார்க்குக்குப் போனா பாதியில வீட்ட வரலாம். போட்டில ஏத்தி நடு ஏரிக்குக் கொண்டு போனா ஒருத்தரும் இறங்கிப் போக ஏலாது.”

“ஜெயிலுக்கும் அதே குணம் இருக்கு, டொக்டர்.”

“ஜெயிலுக்கு ஸ்டியரிங் இல்லை, தங்கச்சி.” அவர் சிரிக்கவில்லை. “வாற வருசம் ரெண்டு பேருக்கும் லெவன் பிளஸ் சோதனைக்குப் படிப்புத் துவங்கிடும். அதுக்குப் பிறகு என்ர பிள்ளையளை நான் பிடிக்க ஏலாது. இந்த ஒரு கோடைதான் எனக்கு இருக்கு. ஆனா தாண்ட போட்டில அதுகளை ஏத்தவும் ஏலாது.”

குருமூர்த்தி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “இதை எழுதினவங்க உங்க எதிரி இல்லை. கேள்விப்பட்டு எழுதினவங்களும் இல்லை. ஒரு படகு மூழ்கினதை யாரும் சொல்லிக் கேட்கலாம். தண்ணி குளிரா இருந்துச்சுன்னு எழுதறதுக்கு உள்ள விழுந்திருக்கணும். மெற்றில்டா, கார் சாவி.”

*

யார்ட் இருந்தது ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேற்கே. ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டி எடுத்த பெரும் குழி. இப்போது அதில் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. ஜூலை மாதமானாலும் வானம் ஈரத் துணிபோலத் தொங்கியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலே வந்து எல்லோருடைய பேச்சையும் நிறுத்தியது.

முதலாளி காட்ரெல் மாலைதான் வருவாராம். சாவியோடு இருந்தவர் டெரெக் என்ற ஐம்பது வயதுக்காரர். கையில் சாண்ட்விச்.

“இதில் எது மூழ்கியது?” என்று நேராகவே கேட்டார் குருமூர்த்தி.

“நான் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தேன்,” என்றார் டெரெக். “நான் வந்ததிலிருந்து எதுவும் மூழ்கவில்லை.” அதைத் தன் சாதனை போலச் சொல்லிவிட்டு மீண்டும் சாண்ட்விச்சுக்குப் போனார்.

இரண்டு படகுகளும் அவற்றின் டிரெய்லர்கள் மீது பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் போதும். சிவப்புப் படகில் எஞ்சின் நட்ட நடுவில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பாரம் நடுவில் இருப்பதால் படகு தட்டையாகப் போகும், பின்னால் அலை எழும்பாது. பனிச்சறுக்குப் பலகை மாதிரி இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்துப் பின்னால் வருகிறவருக்கு அதுதான் வேண்டும். நீலப் படகில் எஞ்சின் பின் இருக்கைக்கு அடியில். அரிசி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டியதுபோலப் பின்பக்கம் அழுந்தி, பெரிய அலையைக் கிளப்பும். ஒற்றைப் பலகையில் நின்று அந்த அலைமேல் ஏறிக் குதிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஒருவருக்கு அலையே ஆகாது. இன்னொருவருக்கு அலை இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை.

“டொக்டர் இஞ்ச வாங்கோ,” என்று நீலப் படகுக்குள்ளிருந்து மெற்றில்டாவின் குரல் வந்தது. அவள் பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே தடித்த ரப்பர் பை ஒன்று, வயிறு முட்டத் தின்ற எருமைக்கன்றுபோலப் படுத்திருந்தது. அவள் காலால் தொட்டாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது.

அம்பலவாணன் ஒரு அடி பின்னால் போனார். “இதுதான். இதுதான் தாண்டது. இன்னும் தண்ணி வத்தேல்லை.”

“பதறாதீங்க, டாக்டர்,” என்றார் குருமூர்த்தி. அவர் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. எதையாவது விளக்கும் சந்தர்ப்பம் கிடைத்தால் அப்படித்தான். “அலை பெருசா வேணும்னா பாரம் வேணும். பாரத்துக்குக் கல்லை ஏத்தினா இறக்கறது கஷ்டம். அதனால ஏரித் தண்ணியையே மோட்டார் வச்சு பைக்குள்ள நிரப்பிக்கறாங்க. வேலை முடிஞ்சதும் வெளிய விட்டுடலாம். அழகான யோசனை.”

மெற்றில்டா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்கட ஊரில வள்ளத்துக்குள்ள தண்ணி வந்தா வாளியால அள்ளி வெளிய ஊத்துவினம். இஞ்ச மோட்டார் வச்சு உள்ள ஊத்துகினமோ?”

“ஆமா.”

“சேர், இந்த நாட்டுக்கு அகதியா வந்தது நாங்கள் எண்டு ஆர் சொன்னது? இவங்களுக்குத்தான் ஆராவது அடைக்கலம் குடுக்க வேணும்.”

ஒரு விமானம் கடந்து போனது. குருமூர்த்தி இரண்டு படகுகளின் பின்பக்கத்துக்கு வந்து, தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முழங்காலிட்டார்.

“ஒவ்வொரு படகுக்கும் அடியில, பின்னால, கட்டைவிரல் பருமன்ல ஒரு ஓட்டை இருக்கும்.”

“போட்டின்ர அடியில வேணுமெண்டே ஓட்டை போடுகினமோ?” என்றார் அம்பலவாணன். தன் கனவின் மீது அவருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

“கரையில நிக்கறப்போ உள்ள மழைத்தண்ணி சேரும். அது வடியணுமே. டிரெய்லர்ல ஏத்தினதும் அந்த ஓட்டையை அடைக்கற திருகைக் கழட்டி விடுவாங்க. தண்ணில இறக்கறதுக்கு முன்னால மறக்காம மாட்டணும். இதோ பாருங்க, நீலத்தோட பித்தளைத் திருகு. மங்கிப் போயிருக்கு. அது உக்கார்ற வளையமும் அதே அளவு மங்கல். ரெண்டும் ஒண்ணா வயசானவை.”

“புருசன் பெண்சாதி மாதிரி.”

“இப்ப சிவப்பைப் பாருங்க. வளையம் பழசு. திருகு பளபளன்னு புதுசு.”

“ரெண்டாம் கலியாணம்,” என்றாள் மெற்றில்டா.

“அப்போ முதல் திருகு எங்க போச்சு?”

அவர் ஸ்பானரைப் போட்டுத் திருகைக் கழற்றினார். உதடுபோல விரிந்திருந்த அதன் விளிம்புக்கு அடியில், பக்கவாட்டில் மட்டும் சிவப்புப் பூசிய அந்தப் படகின் வெள்ளை உடம்பில், நகத்தளவு மஞ்சள் கறை ஒன்று துளையை ஒட்டி இருந்தது.

“துரு,” என்றார் டெரெக், அருகே வந்து குனிந்து. “முன்பக்கமும் ஒன்று இருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. என்ன அதிசயம் என்றால், சோப்புப் போட்டால்...”

“சிவப்பாகிறது,” என்று முடித்தார் குருமூர்த்தி.

டெரெக் சாண்ட்விச்சைக் கீழே இறக்கினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

குருமூர்த்தி யார்ட் கழிவறையிலிருந்து ஒரு சோப்புத் துண்டு கொண்டுவரச் சொல்லி, விரலை நனைத்து, கறைமேல் தேய்த்தார். மஞ்சள் மெல்ல ரத்தச் சிவப்பானது. குழம்பு கொட்டிய வெள்ளைச் சட்டையை ஒருமுறையாவது துவைத்தவர்களுக்கு அந்தச் சிவப்பைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துரு சோப்புக்கு அசையாது. மஞ்சள் அசையும், சோப்பிலோ சுண்ணாம்பிலோ பட்ட உடனே நிறம் மாறும். குங்குமம் செய்கிறதே அந்த வித்தையை வைத்துத்தான்.

“போட்டில வச்சு ஆராவது சமைச்சிருப்பினமோ?” என்றார் அம்பலவாணன்.

“ஓட்டைக்குப் பக்கத்தில வச்சோ?” என்றாள் மெற்றில்டா.

அடுத்த பத்து நிமிடம் குருமூர்த்தி சோப்பும் கையுமாகப் படகு முழுக்கத் தவழ்ந்தார். ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு புள்ளி சிவந்தது. எஞ்சின் பெட்டி மூடிமேல் ஒன்று. முன் மூக்கில் ஒன்று. பின் துளையில் ஒன்று. மொத்தம் நான்கு. நான்கும் ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே மோதிர விரல்.

“பொட்டு,” என்றார், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு. “வாகன பூஜை. புதுக் கார் வாங்கினா கோயில் வாசல்ல நிறுத்தி, மஞ்சளும் சந்தனமும் குழைச்சுப் பொட்டு வச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கறோம் இல்லையா? யாரோ இந்தப் படகை டிரெய்லரோட கோயிலுக்குக் கொண்டு போயிருக்காங்க.”

“நாங்கள் எண்டா ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பம். அது சவர்க்காரத்துக்குச் சிவக்காது,” என்றாள் மெற்றில்டா. “இது உங்கட ஆக்களின்ர வேலைதான் டொக்டர்.”

“இப்ப கவனிங்க. இந்தப் பொட்டு திருகோட விளிம்புக்கு அடியில இருக்கு. பொட்டு வைக்கும்போது திருகு மாட்டியிருந்தா, விரல் அங்க போயிருக்கவே முடியாது. அதாவது பூஜை நடந்தப்போ ஓட்டை திறந்து கிடந்துச்சு. திருகு தனியா ஐயர் தட்டுல இருந்துச்சு. அதுக்கும் பொட்டு. அதுக்கும் கற்பூரம். டாக்டர், ஒரு கேள்வி. கோயிலுக்குப் போய்ப் பூஜை பண்ணி வந்த பித்தளைச் சாமான் ஒண்ணு உங்க கையில இருந்தா எங்க வைப்பீங்க? டூல் பாக்ஸ்லயா?”

“சீச்சீ. சாமியறையில.”

“வச்சுட்டாங்க,” என்றார் குருமூர்த்தி. “பத்திரமா சாமியறையில வச்சுட்டு, படகை மட்டும் தண்ணில இறக்கிட்டாங்க.”

மெற்றில்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆக, மூழ்கியது சிவப்பு என்று தெரிந்துவிட்டது. வேறொரு துப்பறிவாளராக இருந்தால் அங்கேயே நீலத்தை வாங்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். குருமூர்த்திக்கு ஒரு இயந்திரத்தின் கடைசிப் பல்சக்கரம் வரை பார்த்தாக வேண்டும்.

“கடிதம் எழுதினவங்க படகுல போயிருக்காங்க. ஆனா எந்தப் படகுன்னு தெரியலைன்னு எழுதியிருக்காங்க. சிவப்பா நீலமான்னுகூடவா தெரியாது? பேப்பர் விளம்பரத்துல என்ன போட்டிருந்தது?”

அம்பலவாணன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். “இரண்டு குடும்பப் படகுகள். ஒன்றுக்கு எஞ்சின் நடுவில், மற்றதுக்குப் பின்னால். நிறம் போடேல்லை.”

“அப்போ இந்த விளம்பரத்தை மட்டும் பாத்து எழுதின ஆள், படகுல ஏறியும் எஞ்சின் எங்க இருக்குன்னு கவனிக்காத ஆள். இந்த விளம்பரத்தைப் பத்தி யாருக்குச் சொன்னீங்க?”

“ஒருத்தருக்கும் இல்லை. மனிசிக்குக் கூட. திடுக்கிட வைக்கலாம் எண்டு. பேப்பரில சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சனான், அவ்வளவுதான்.”

“பேப்பரை எங்க வச்சீங்க?”

“குசினி மேசையில, அடுப்புக்குப் பக்கத்தில.”

மெற்றில்டா வானத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு விமானம்தான் வந்தது.

“கடிதத்துல ஸ்டாம்ப் இருந்துதா?”

“இல்லை. கதவால போட்டிருந்தது.” அம்பலவாணனின் கண்கள் திடீரென்று ஒளிர்ந்தன. “விளங்கீட்டுது, சேர். பக்கத்து வீட்டு இராஜேந்திரன். எங்கட பேப்பரை இப்பவும் ஆள் விட்டு இரவல் வாங்கி வாசிக்கிறவர். புதுச் சாமான் வாங்கினா கோயிலுக்குக் கொண்டு போறவர். போன வருசம் புல்லு வெட்டுற மெஷினுக்கே பூசை வச்சவர். அவர்தான்.”

“அவர் உங்களுக்கு ‘அன்புடன்’னு எழுதுவாரா?”

“வேலிப் பிரச்சினைக்குப் பிறகு கதைக்கிறதே இல்லை.”

“அப்ப உங்க வீட்டுக்கே போவோம்,” என்றார் குருமூர்த்தி மிருதுவாக. “அங்கேருந்து அவர் வீடு பக்கம்தானே.”

*

ஹரோவில் அம்பலவாணனின் வீட்டை அவர்கள் அடைந்தபோது மணி நாலு இருபது. பிள்ளைகள் வீணை வகுப்பில் இருந்தார்கள். அம்பலவாணனின் மனைவி சிவகௌரி கதவைத் திறந்தார். மருந்துக் கடையில் பார்மசிஸ்ட், சனிக்கிழமை விடுமுறை. வந்தவர்கள் துப்பறிகிறவர்கள் என்று கணவர் சொல்லவில்லை. பல் வலியோடு வந்த சிநேகிதர்கள் என்றார். மெற்றில்டா உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தேத்தண்ணி குடிக்க ஏலுமோ?” என்று சிவகௌரி அவளிடம் அக்கறையாகக் கேட்டார்.

“மற்றப் பக்கத்தால குடிப்பன், அக்கா.”

தேநீர் போட அவர் உள்ளே போனதும், “உங்க சாமியறையைப் பாக்கலாமா?” என்றார் குருமூர்த்தி.

“என்ர சாமியறையையோ? இராஜேந்திரன்ரயை எல்லோ பாக்க வேணும்?”

“எடுத்த எடுப்புலேயே அவர்கிட்ட கேக்க முடியாது. ஒரு மாதிரி பாத்துக்கறேன்.”

மாடியில், மற்ற வீடுகளில் குழந்தைக்குக் கட்டில் போடுகிற சின்ன அறைதான் அவர்களுடைய சாமியறை. ஊதுபத்தி வாசனை. பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள். பித்தளைக் குத்துவிளக்கு, மணி, செம்பு. செம்புக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்புப் பட்டுத் துணியின் மேல், கட்டைவிரல் பருமனில் பித்தளைச் சாமான் ஒன்று நட்டு வைத்ததுபோல நின்றது. தலையில் சந்தனப் பொட்டு. அதன்மேல் அன்று காலை வைத்த வெள்ளை ரோஜா ஒன்று.

குருமூர்த்தி அதைச் சுட்டிக் காட்டினார். “டாக்டர், அந்த ஓரத்துல இருக்கறது என்ன?”

“அதோ? மாமி காசிக்குப் போயிட்டு வந்தவ. அங்கயிருந்து அனுப்பினதா இருக்கும். கௌரி ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. சாமி விசயத்தில கன கேள்வி கேக்கக் கூடாது.”

“பூ யார் வைக்கறது?”

“நான்தான். குளிச்சுப்போட்டு வந்து காலமை காலமை.”

“எத்தனை நாளா?”

“மூண்டு கிழமை இருக்கும்.”

குருமூர்த்தி செருப்பில்லாத காலோடு இன்னும் ஒரு அடி முன்னே வைத்து, கைக்குட்டையால் அந்தப் பித்தளையை மரியாதையோடு எடுத்தார். பூவை ஓரமாக வைத்தார். தலைகீழாகத் திருப்பினார். அடியில் திருகுச் சுற்று. உதடுபோல விரிந்த விளிம்பு. அதில் ‘வெளிப்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

மெற்றில்டாதான் முதலில் வாயைத் திறந்தாள். “டொக்டர், குறை நினையாதேங்கோ. நீங்கள் இருபத்தொரு நாளா ஓட்டை அடைக்கிற ஆணியைக் கும்பிட்டிருக்கிறியள்.”

அம்பலவாணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“பலன் ஏதும் கிடைச்சதோ?”

“போன கிழமை முதுகு நோ குறைஞ்சது,” என்றார் அவர், தன்னை அறியாமல்.

வாசலில் கோப்பைகள் கிணுகிணுத்தன. தட்டோடு சிவகௌரி நின்றுகொண்டிருந்தார். அவர் கணவனையும் பார்க்கவில்லை, குருமூர்த்தியையும் பார்க்கவில்லை. கைக்குட்டையில் கிடந்த பித்தளையைப் பார்த்தார்.

“அதை ஏன் எடுத்தனீங்கள்?” என்றார். “தொலைச்சுப் போடாதேங்கோ எண்டு அந்த மனுசன் எனக்கு மூண்டு தரம் சொன்னவன்.”

“எந்த மனுசன், அக்கா?”

“போட் தந்தவன்.” அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். “சாவியையும் இதையும் ஒண்டாக் கையில தந்தவன். சாவி இல்லாட்டிலும் சமாளிக்கலாம், போட்டில முக்கியமான சாமான் இதுதான், பத்திரம் எண்டவன். முக்கியமான சாமானைப் பிறகு வேற எங்க வைக்கிறது? கோயிலில பூசை முடிஞ்ச உடன நேர இஞ்ச கொண்டுவந்து வச்சிட்டுத்தான் ஏரிக்குப் போனனாங்கள்.”

“நீரோ போட் வாங்கினனீர்?” அம்பலவாணனின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

“சீட்டுக் காசு எடுத்து வாங்கினன். உங்கட பிறந்த நாளுக்கு. முதல் பிள்ளையளோட ஒருக்கா ஓடிப் பாத்திட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு நினைச்சன். யார்டில புதுசாச் சேர்ந்த பெடியன் ஒருத்தன் ஓட்டினவன். பதினொரு நிமிசம் ஓடினது. பிறகு தாண்டிட்டுது.” அவர் கண்களைத் துடைத்தார். “எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தனாங்கள். வேற போட் வந்து தூக்கினது. வெக்கத்தில நான் திரும்பி அந்தப் பக்கமே போகேல்லை. எடுத்து வித்துப் போடுங்கோ எண்டு ரெலிபோனில சொன்னன். பேந்து அவன் எடுத்த கோல் ஒண்டுக்கும் நான் பதில் சொல்லேல்லை. ஏன் தாண்டது எண்டு இண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது. பழுதான போட் எண்டுதான் நினைச்சன். அதையே நீங்கள் வட்டம் போட்டு வச்சிருக்கிறதைக் கண்ட உடன எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது. அதுதான் அடிமட்டம் வச்சு அந்தக் கடிதத்தை எழுதிப் போட்டனான்.”

“அது பழுதான படகு இல்லை, அம்மா,” என்றார் குருமூர்த்தி. திருகை உயர்த்திப் பிடித்து, மழைநீர், துளை, விளிம்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து பொறுமையாக விளக்கினார். சிவகௌரி கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மெற்றில்டா குனிந்து பார்த்தாள்.

“சிரிக்கிறா, சேர்.”

அம்பலவாணன் சிரிக்கவில்லை. “எண்டைக்கு நடந்தது?”

“ஜூன் இருபத்தேழு. சனிக்கிழமை. தமிழ் வகுப்புக்கு லீவு.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, கௌரி.”

“சொன்னனான்.” சிவகௌரி முகத்திலிருந்து கையை எடுத்தார். “காலமை கிளினிக்குக்கு எடுத்தன். இண்டைக்குப் பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை, ஒரு இடத்துக்குப் போவம், வர ஏலுமோ எண்டு கேட்டன். ரூட் கனால் இருக்கு எண்டு சொன்னியள். அதுக்கு முதல் சனியும் கேட்டன். அண்டைக்கும் ரூட் கனால். இஞ்சாருங்கோ, பிள்ளையளுக்கு நேரம் இல்லாம இல்லை. வகுப்பை எல்லாம் நான் மாத்துவன். உங்கட சனிக்கிழமையைத்தான் மாத்தத் தெரியேல்லை.”

மெற்றில்டா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். இனி பல் வலிக்க வேண்டிய அவசியம் இல்லை. குருமூர்த்தி திருகை அதன் பட்டுத் துணியிலேயே மெதுவாக வைத்தார். மணி ஐந்துக்கு ஆறு நிமிடம்.

“டாக்டர், நீங்க எனக்குக் குடுத்த வேலை எதை வாங்கலாம்னு சொல்றது,” என்றார். “நீலம் நல்ல படகு. ஆனா அது என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. சிவப்பு பண்ண வேண்டியதைப் பண்ணிடுச்சு. மூழ்கின எஞ்சினைப் பிரிச்சுக் கழுவி மறுபடி பூட்டியிருக்காங்க. அந்த யார்ட்ல அதைவிடச் சுத்தமான எஞ்சின் கிடையாது. ஏன் மூழ்கிச்சுன்னும் தெரியும். ஆனா இதுல ஏறப் போறது நான் இல்லை.”

“எனக்கு ஒண்டும் வேண்டாம்,” என்றார் சிவகௌரி. “நீலமும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். நீந்தத் தெரியாத மனுசனை வச்சுக்கொண்டு...”

அம்பலவாணன் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார். “தாழுறதுக்கு முதல் எப்பிடி இருந்தது?”

“எது?”

“அந்தப் பதினொரு நிமிசம்.”

சிவகௌரி யோசித்தார். “பிள்ளையள் ரெண்டும் பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தவை. தண்ணி கணுக்கால் மட்டும் வந்தது. போட் எண்டா இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சு நாங்கள் காலை மேல தூக்கி வச்சிட்டம். முழங்காலுக்கு வந்த பிறகுதான் பாட்டை நிப்பாட்டினவை.”

“நீர்?”

“நானும்தான் படிச்சன்.”

கீழே தொலைபேசி மணி அடித்தது. சரியாக ஐந்து. அம்பலவாணன் எழுந்து, படிகளில் இரண்டு இரண்டாக இறங்கி ஓடினார். மேலே மூவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் யார்ட் முதலாளி காட்ரெல். கனத்த குரல், படிவரை கேட்டது.

“சிவப்பு,” என்றார் அம்பலவாணன் ஆங்கிலத்தில். “சிவப்பை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை காலை வருகிறோம். இல்லை, கிளினிக் இனிச் சனிக்கிழமைகளில் திறக்காது. நாலு பேரும் வருகிறோம்.”

மறுமுனை தொண்டையைச் செருமிக்கொண்டது. “டாக்டர், நான் நேர்மையான வியாபாரி. கையெழுத்துப் போடுவதற்குமுன் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படகு போன மாதம் ஏரியின் அடிவரைக்கும் போய் வந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.”

“தெரியும்,” என்றார் அம்பலவாணன். “அது என் குடும்பம். நான் ஒருவன்தான் வராமல் இருந்துவிட்டேன்.”